இரகசியம் காப்போருக்கு ஒரு கல்லூரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

சீனாவில் அரசின் இரகசியங்களைக் கையாளும் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறதாமே, அது உண்மையா என்று தொலைபேசியில் கேட்டிருந்தாய். உண்மைதான். தந்தி அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால் இந்த வரலாற்றில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. நீயும் இப்போது தகவல் பாதுகாப்புத் துறையில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பீஜிங் நகரின் ஃபெங்தாய் மாவட்டத்தில் உள்ள அதன் பெயர், பீஜிங் மின்னணு அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி. பெயரளவில் அது ஒரு பொறியியல் கல்லூரிதான். ஆனால் அது இயங்குவது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுப் பொது அலுவலகத்தின் கீழ். கட்சி அலுவலகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் சங்கேதத் தகவல் தொடர்பையும் இரகசிய ஆவணங்களையும் கையாளப் போகிறவர்கள் அங்கேதான் உருவாகிறார்கள்.

அது தொடங்கிய ஆண்டு 1947. அந்த மார்ச்சில், கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையிடமாக இருந்த யெனான் நகரம், அப்போது சீனாவை ஆண்டுவந்த எதிர்க்கட்சியான குவோமின்டாங்கின் படைகளின் கைக்குப் போனது. கட்சித் தலைவர்களில் மாவோவும் சௌ என்லாயும் ரென் பீஷியும் ஷென்சி மாகாணத்தின் வடக்கே கிராமம் கிராமமாக இடம் மாறிக்கொண்டிருக்க, லியூ ஷாவோச்சியும் ஜூ டேயும் ஹெபெய் மாகாணத்துக்குச் சென்றார்கள். தலைமையே இரண்டாகப் பிரிந்து, போர்முனைகள் மஞ்சூரியா முதல் மத்தியச் சமவெளி வரை பரவிக் கிடந்த அந்த நேரத்தில், அவர்களை ஒன்றாக வைத்திருந்தது வானொலித் தந்திதான். மறு ஆண்டு ஷிபைப்போ என்ற சிற்றூரிலிருந்து மூன்று பெரும் போர்களை நடத்தியதும் தந்திகள் மூலமே. அத்தனை தந்திகளையும் சங்கேதமாக்கவும் பிரித்துப் படிக்கவும் நம்பிக்கையான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைத் திடீரென்று எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

ஆனால் இந்தக் கதையின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று ஜியாங்ஷி மாகாணத்தின் லோங்காங்கில், கம்யூனிஸ்ட் கட்சியின் படையான செஞ்சேனை ஒரு வானொலிக் கருவியைக் கைப்பற்றியது. அது என்னவென்று அறியாத வீரர்கள் அனுப்பும் பகுதியை உடைத்துவிட, கேட்கும் பகுதி மட்டுமே மிஞ்சியது. சிறைப்பட்ட எதிரித் தந்தியாளர்களில் வாங் ஜெங், லியூ யின் போன்றோர் செஞ்சேனையிலேயே சேர்ந்து, 1931 தொடக்கத்தில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார்கள். இன்று ஷியானில் உள்ள ஷிதியான் பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது அந்த 1931-ஆம் ஆண்டைத்தான்.

அது தந்தி அனுப்புவோரின் வழி. சங்கேதம் ஆக்குவோரின் வழி வேறு. நான் பார்த்த வேலையோடு ஒப்பிட்டுச் சொன்னால் உனக்கு எளிதில் விளங்கும். சீன எழுத்துகளை அப்படியே மோர்ஸில் தட்ட முடியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. ‘நடு’ என்று பொருள்படும் ஜோங் எழுத்துக்கு 0022, ‘எழுத்து’ என்று பொருள்படும் வென் எழுத்துக்கு 2429. இந்த அட்டவணை எல்லாத் தந்தி நிலையங்களிலும் கிடைக்கும் பொதுநூல் என்பதால் அதில் இரகசியம் எதுவும் இல்லை. ஆகவே அதற்கு மேல் இன்னோர் அடுக்கு வேண்டும். சௌ என்லாய் 1930 வாக்கில் வகுத்த ‘ஹாவ் மி’ என்ற முறையில் ஒரே எழுத்து ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாக வரும். ஒரே எண் வெவ்வேறு எழுத்துகளைக் குறிக்கும். கருவியைத் தட்டுகிறவனுக்கு வெறும் எண்கள் மட்டுமே தெரியும், பொருள் தெரிந்தவர் சங்கேதப் புத்தகத்தை வைத்திருப்பவர் மட்டுமே.

அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1931 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். கட்சியின் இரகசியப் பிரிவுத் தலைவர்களில் ஒருவரான கு ஷுன்ஜாங் வூஹானில் பிடிபட்டு, எதிரியின் பக்கம் சாய்ந்தார். அந்தச் செய்தி நான்ஜிங்கில் குவோமின்டாங்கின் உளவுத் தலைவர் ஷு என்ஜெங்கின் பெயருக்கு அவசரத் தந்திகளாக வந்தது. அவரோ அந்த வார இறுதியில் ஊரில் இல்லை. தந்திகளைப் பெற்றுக்கொண்ட அந்தரங்கச் செயலாளர் சியென் ஜுவாங்ஃபெய், கட்சி அங்கே வைத்திருந்த ஆள். தலைவர் எப்போதும் உடம்போடு வைத்திருந்த சங்கேதப் புத்தகத்தை அவர் முன்பே இரகசியமாகப் படியெடுத்திருந்ததால் தந்திகளைப் பிரித்துப் படித்துவிட்டு, அன்று இரவு இரயிலிலேயே தம் மருமகனை ஷாங்காய்க்கு அனுப்பினார். சௌ என்லாய் உள்ளிட்ட தலைமை தப்பியது. சியென் 1935-இல், எதிரியின் முற்றுகையிலிருந்து செஞ்சேனை நடந்தே பின்வாங்கிய நெடும்பயணத்தின்போது இறந்தார்.

அதே நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் நீ அறிந்திருக்க வேண்டும். கட்சி மாறிய கு ஷுன்ஜாங்கின் குடும்பத்தினர் பலர், காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஷாங்காயில் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். இரகசியம் காத்தல் என்ற பெயரில் நடந்ததை, அது உயிர்களைக் காப்பாற்றிய கதையோடு மட்டும் சேர்த்துச் சொல்வது நியாயம் ஆகாது. அந்தக் கல்லூரி கற்றுத்தரும் விசுவாசம் முதலில் கட்சிக்கானது. கட்சியே அரசாகிவிட்ட நாட்டில் குடிமக்களிடமிருந்து மறைக்கப்படுவதும் அதே கைகளின் வழியாகத்தான் மறைக்கப்படுகிறது. அவர்களின் திறமையையும் ஒழுங்கையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கவலை எனக்கு உண்டு.

இப்போது சங்கேதப் புத்தகங்களின் இடத்தில் கணிதம் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் சீனாவில் நடைமுறையில் இருக்கும் சங்கேதவியல் சட்டம் மூன்று வகைகளைப் பிரிக்கிறது. மையச் சங்கேதமும் பொதுவகைச் சங்கேதமும் அரசு இரகசியங்களுக்கு; வணிகச் சங்கேதம் நிறுவனங்களும் குடிமக்களும் பயன்படுத்துவதற்கு. முதல் இரண்டைக் கையாளுவோரின் பின்புலம் ஆராயப்படுவதும், அவர்கள் அந்தப் பணியைவிட்டு விலகும்போதும் கட்டுப்பாடு தொடர்வதும் 1947-இலிருந்து மாறாத சிந்தனையின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது. உன் நிறுவனத்தில் சாவிகளைப் பொறுப்பில் வைத்திருப்பவரையும் அந்தச் சாவியால் பூட்டப்பட்ட தரவைப் படிக்கக் கூடியவரையும் வேறு வேறு ஆட்களாக வைத்திருக்கிறார்களா, அல்லது எல்லாம் ஒருவர் கையிலா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா