வண்டிக்காக வளையல் வேண்டாம் அம்மா

லீட்ஸ், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குப் பதினோரு வாரம் முடிந்தது. நேற்றிலிருந்து கையை வாய்க்குள் திணிக்கப் பழகிவிட்டாள். இதையெல்லாம் நீ போனிலேயே பார்க்கிறாய். ஆனால் திரையில் அவள் முகம் வந்துவிட்டால் நான் சொல்லும் எதுவும் உன் காதில் ஏறுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேள்.

முதல் விஷயம். வளையலை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதே.

டல்லாஸில் சித்தி மகள் தன் பையனைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் குடும்ப வாட்ஸப்பில் வந்த நாளிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று அப்பா சொன்னார். முதல் பேத்திக்குத் தாய்வீட்டில் ஒரு வண்டிகூட வாங்கித் தரவில்லையா என்று சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று புலம்புகிறாயாம். யாரும் கேட்கவில்லை அம்மா. அத்தை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குழந்தை தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

ஏழாம் மாதத்தில் நானும் இவரும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வாங்க அல்ல, சும்மா பார்க்க. விளக்குத்தூண் பக்கம் பட்டுப்புடவை எடுக்கப் போனால் எந்த விலையில் காட்டட்டும் என்று முதலிலேயே கேட்பார்களே, இங்கே அப்படிக் கேட்கவில்லை. எங்கள் கோட்டையும் செருப்பையும் பார்த்தே அந்த விற்பனைப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டாள். இருந்தாலும் விலை கூடிய வண்டியைத்தான் முதலில் காட்டினாள். அவள் பேசிய கால் மணி நேரத்தில் குழந்தை என்ற சொல் ஒரு தடவையாவது வந்ததா என்று ஞாபகம் இல்லை. சஸ்பென்ஷன் என்றாள், சேஸிஸ் என்றாள், ஒரே கையால் திருப்பலாம் என்றாள். கைப்பிடிக்குத் தோல் உறை. கடையின் ஓரத்தில் கூழாங்கல் தரை, மரத் தரை, புல் மாதிரி ஒரு பாய் என்று சின்னப் பாதை போட்டிருந்தார்கள், ஓட்டிப் பார்ப்பதற்கு. இவர் காலி வண்டியை இரண்டு சுற்றுத் தள்ளினார். முதல் பைக் எடுத்த அன்று எடுத்த படத்தில் இருக்குமே, அதே சிரிப்பு.

விலை 1,300 பவுண்டு. நீ மனக்கணக்குப் போட்டு மயங்குவதற்குள் நானே சொல்கிறேன், ஒன்றரை லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள். காப்பிக் கோப்பை வைக்கிற வளையம் தனி விலை. குளிருக்குக் காலை மூடுகிற பை தனி விலை. வண்டியில் மாட்டியிருக்கிற தொட்டிலில் குழந்தை மல்லாந்து படுத்துக்கொண்டு போவது ஆறு மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு மாதம் கூட. அப்புறம் உட்காரும் இருக்கையை மாட்ட வேண்டும். என் பிரசவச் சம்பளம் உனக்குத் தெரியும். முதல் ஆறு வாரம் நூற்றுக்குத் தொண்ணூறு, அதற்கப்புறம் 33 வாரத்துக்கு அரசு நிர்ணயித்த தொகை, வாரத்துக்கு இருநூறு பவுண்டுகூட இல்லை. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற உதவிப் பணம் எங்கள் விசாவுக்குக் கிடையாது. பார்த்தோம், வந்தோம்.

இந்த மோகம் இங்கே புதிதும் இல்லை. சொல்லப்போனால் எங்கள் ஊர்தான் அதற்குத் தாய்வீடு. 1877-இல் வில்லியம் வில்சன் என்பவர் லீட்ஸில் குழந்தை வண்டி செய்ய ஆரம்பித்தார். பட்டறை இருந்த சில்வர் கிராஸ் தெருவின் பெயரே கம்பெனிக்கும் பெயராகிவிட்டது. பெரிய சக்கரம், பளபளக்கிற உடம்பு, சாரட்டு வண்டி மாதிரி. அரண்மனைப் பிள்ளைகள் போன வண்டி என்பதால் ஊரில் எல்லோருக்கும் அதுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் 91 வயதுப் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். நான் உண்டாயிருக்கிறேன் என்று தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன வண்டி வாங்கப் போகிறாய்?" அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது 1958-இல். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை போயிருந்த நேரமாம். ஆனாலும் வண்டி மட்டும் சில்வர் கிராஸ்தான். வாரத் தவணை. கட்டியது யார் தெரியுமா? அவளுடைய அம்மா. இங்கேயும் அந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவள்தான் குழந்தை வண்டி வாங்கித் தர வேண்டுமாம். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று நினைத்தேன். உனக்குச் சாதகமான சாட்சி.

இன்னொன்றும் சொன்னாள். பிரசவத்துக்கு முன்னால் வண்டியை வீட்டு வாசற்படி தாண்ட விடமாட்டார்களாம், ஆகாதாம். பணம் கட்டிவிட்டு, குழந்தை பிறக்கிறவரை கடையிலேயே வைத்திருக்கச் சொல்வார்களாம். பிறக்கிறதுக்கு முன்னால் ஒரு துணிகூட எடுக்காதே என்று நீ போனில் திட்டினாயே, அதேதான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வாரம் ஒரு நாள் தெருப்பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று வண்டிச் சக்கரத்தைக் கழுவித் துடைப்பார்களாம். யார் வண்டியில் கீறல், யார் வண்டி பழசு என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கணக்கெடுப்பு நடக்கும். வீட்டுக்குள் கரி இல்லாமல் நடுங்கினாலும் வெளியே சக்கரம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருக்கும் ஹேர்ஹில்ஸில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. எங்கள் பின்சுவர்தான் அடுத்த தெருக்காரருக்கும் பின்சுவர், கொல்லைப்புறம் என்பதே இல்லை. வாசலுக்கு ஏழு படி. கதவைத் திறந்தால் நேராகக் கூடம், கூடத்தில் சோபா, சோபாவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு முழம் இடம். சித்தி மகளின் வண்டியை இங்கே கொண்டுவந்தால் ஒன்று அது உள்ளே இருக்க வேண்டும், இல்லை நாங்கள். பஸ்ஸில் இன்னொரு பாடு. சக்கர நாற்காலிக்காரர் ஏறினால் குழந்தை வண்டி வைத்திருப்பவர் இடம் விட வேண்டும். ஒரு தடவை வெதர்பியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஒரு தாய், வண்டி மடியாது, குழந்தை தூங்குகிறது என்று நகர மறுத்திருக்கிறாள். சக்கர நாற்காலிக்காரர் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல் தீர்ப்பு வந்தது. டிரைவர் கேட்டுப் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது, இன்னும் வற்புறுத்த வேண்டும் என்று. அதனால் நான் வண்டியில் முதலில் பார்த்தது அது மடியுமா என்பதைத்தான்.

மடிக்கிற வண்டியைக் கண்டுபிடித்தவரைப் பற்றி இவர் ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்தார். ஓவன் மெக்லாரன் என்ற ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர். போர் விமானத்துக்குச் சக்கரம் மடங்கும் அமைப்பை வடிவமைத்தவர், மகள் பேரக்குழந்தையின் வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, 1965-இல் குடை மாதிரி மடிகிற அலுமினிய வண்டியைச் செய்தாராம், மூன்று கிலோகூட இல்லை. தாத்தா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல். ஆனால் அந்த மாதிரி வண்டி குழந்தை உட்காரத் தொடங்கிய அப்புறம்தான் ஆகும். சின்னக் குழந்தை மட்டமாகப் படுக்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது பழைய வண்டி. ஆமாம் அம்மா, இன்னொரு குழந்தை போன வண்டி. 80 பவுண்டு. ரவுண்டே பக்கம் பெரிய தோட்டம் வைத்த ஒரு வீட்டில். ஒரே குழந்தைக்கு அவர்களிடம் மூன்று வண்டி: ஓடும்போது தள்ள ஒன்று, விமானத்தில் கொண்டுபோக ஒன்று, இது ஒன்று. அந்த அம்மாள் தங்கமானவள், வலது பக்கத் துணியில் இருந்த கிழிசலை அவளாகவே காட்டினாள். நான்தான் அசடு. எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலில் நின்றபடி, என் தோழிக்காக வாங்குகிறேன் என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, உங்கள் தோழி கொடுத்து வைத்தவர் என்றாள். குழந்தை பிறக்கும்வரை அதை இவருடைய நண்பரின் கராஜில் போட்டு வைத்திருந்தோம். நீ சொன்னது எதையும் மீறவில்லை.

இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அதே 80 பவுண்டுக்குப் புது வண்டியே கிடைத்தது, யாருக்கும் தெரியாத பெயரில். நான் அதை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரவுண்டே பூங்காவில் ஏரியைச் சுற்றி நடந்தால் எதிரே வருகிறவர்கள் முதலில் சக்கரத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் கைப்பிடியில் உள்ள பெயரை, அதற்கப்புறம்தான் குழந்தையை. நானும் அப்படித்தான் பார்க்கிறேன் என்பதைக் கவனித்தபோது வெட்கமாக இருந்தது. 2002-இல் நியூயார்க் பெண்களைப் பற்றிய ஒரு அமெரிக்க டிவி தொடரில் நெதர்லாந்துக்காரர்களின் பகபூ வண்டி ஒன்றைக் காட்டப் போய், அதற்கப்புறம் அது எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டதாம். அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்தேன். என் கண்ணும் அதே கண்தான். குழந்தையோ என் முகத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். கைப்பிடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாத ஒரே ஆள் அவள்தான்.

பழையது என்று உனக்கு மனம் ஆறாவிட்டால் இதைச் சித்தியிடம் சொல்: 2015-இல் இளவரசி சார்லட்டுக்குப் பெயர் சூட்டும் ஞானஸ்நானத்துக்கு அவள் அம்மா தள்ளிக்கொண்டு போனது புது வண்டி இல்லை. எலிசபெத் மகாராணி தன் பிள்ளைகள் ஆண்ட்ரூவையும் எட்வர்டையும் வைத்துத் தள்ளிய அதே பழைய வண்டி. கொள்ளுப்பேத்திக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரண்மனையில் பழசு என்றால் பரம்பரை, எங்கள் தெருவில் பழசு என்றால் ஓசி. என்ன செய்வது.

வளையலை அடகு வைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, இங்கே வர டிக்கெட் எடு. ஏப்ரலில் வந்தால் குளிர் கொஞ்சம் குறையும். வரும்போது பழைய சுங்குடிப் புடவை இரண்டு கொண்டுவா. தூளி கட்ட உத்தரம் இல்லை, ஆனால் மேலே போர்த்த அதுதான் மெத்தென்று இருக்கும்.

வண்டியோடு பாப்பாவின் படம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். நான்கு தடவை எடுத்ததில் இதுதான் தேறியது. கைப்பிடியில் உள்ள பெயர் தெளிவாகத் தெரிகிறது, கிழிசல் தெரியவில்லை. குழுவில் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் மகள்