விடையோடு விளக்கமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் நீங்கள் ஆரம்பித்திருக்கும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிர் புரியவில்லை, அதை எடுத்துவிட்டுப் பழைய மாதிரிப் புதிரையே போடுங்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். விடையின் பொருளோடு, அதன் எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் வழியையும் குறிப்புக்குள்ளேயே ஒளித்துவைக்கும் புதிர் இது. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அதைத் தீர்க்கப் புதிரை நிறுத்த வேண்டியதில்லை, விடையோடு விளக்கத்தையும் அச்சிட்டால் போதும்.

இப்போது மறுவாரம் நீங்கள் போடுவது நிரப்பிய கட்டம் மட்டும்தான். போன முறை 'கலையில் கால் வைத்தால் வருத்தம் (3)' என்ற குறிப்புக்கு விடை 'கவலை' என்று இருந்தது (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை). வருத்தம் என்றால் கவலை, சரி. கலையும் காலும் அங்கே எதற்கு? இது தெரியாதவருக்கு யாரோ நம்மை ஏய்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். பழைய தமிழ்க் கணக்கில் கால் என்ற பின்னத்தை 'வ' என்று எழுதுவார்கள். 'கலை'க்கு நடுவில் அந்த 'வ'வை வையுங்கள், 'கவலை' வந்துவிடும். ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் 'எட்டேகால் லட்சணமே' நம்மில் பலருக்குத் தெரியும். எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ', ஆக அவலட்சணம். அந்தப் பாட்டை இன்றுவரை நாம் ரசித்துச் சொல்கிறோம் என்றால், யாரோ ஒரு ஆசிரியர் அன்றைக்கு உட்கார்ந்து அதை அவிழ்த்துக் காட்டியதால்தான். உங்கள் புதிருக்கும் அந்த ஆசிரியர் தேவைப்படுகிறார்.

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் புதிரைப் பெரிதாக்கி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். ரெக்கார்டு நோட்டு, ஸ்பைரல் பைண்டிங் என்று வரும் கல்லூரிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள், ஆனால் ஆரம்பத்தில் யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒருநாள் காத்துக்கொண்டிருந்த பையனிடம் 'தாறுமாறான நகரம், பாவிகள் சேருமிடம் (4)' என்பதைக் காட்டி, "இதுல தாறுமாறுன்னா எழுத்தக் கலைச்சுப் போடணும்னு அர்த்தம் தம்பி. எந்த வார்த்தையக் கலைப்ப?" என்று கேட்டேன். ந, க, ர, ம் என்று உள்ளங்கையில் தனித்தனியாக எழுதினான். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நரகம்க்கா!" என்று கத்தினான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த குறிப்பை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. 'பூக்க விதைத்தவனுக்குள் ஒரு பாட்டு (3)'. 'பூக்க' என்பதன் கடைசி எழுத்தில் விரலை வைத்து அப்படியே வலப்பக்கம் நகர்த்தி, 'கவிதை' என்று அவனே வாசித்தான். வார்த்தை அங்கேயே கண்ணெதிரே அச்சில் ஒளிந்துகொண்டிருக்கிறது, 'உள்ளே பார்' என்று குறிப்பும் சொல்லிவிட்டது. ஒரே ஒரு விளக்கம் கேட்டவனுக்கு இது முடிந்தது. விளக்கம் கேட்காமல் விடையை மட்டும் பார்ப்பவர், வருஷம் முழுக்கப் பார்த்தாலும் ஒரு குறிப்பைக்கூடச் சொந்தமாக அவிழ்க்க மாட்டார்.

விளக்கம் வாசகருக்கு மட்டுமல்ல, புதிர் அமைப்பவருக்கும் நல்லது. இரண்டு வாரங்களுக்கு முன் 'அலை பாய்ந்து ஓடும் (3)' என்ற குறிப்புக்குக் 'குதிரை' என்று விடை போட்டிருந்தீர்கள். திரை என்றால் அலை, பாய்ந்து ஓடுவது குதிரை, இரண்டும் சரி. 'கு' எங்கிருந்து வந்தது? அதற்குக் குறிப்பில் ஆதாரமே இல்லை. விளக்கம் எழுத உட்கார்ந்திருந்தால் அமைத்தவரே இதைக் கண்டுபிடித்து, 'குளத்து முகப்பில் அலை பாய்ந்து ஓடும்' என்று திருத்தியிருப்பார். குளத்தின் முகப்பில் 'கு' இருக்கிறது, அதோடு திரை சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். வாசிக்கவும் இதுதான் அழகு.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு மரபே உண்டு. 'அப்சர்வர்' என்ற ஞாயிறு செய்தித்தாளில் 1939 முதல் புதிர் அமைத்து, ஜிமனீஸ் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற மெக்நட், 1966இல் இந்தக் கலையின் விதிகளை ஒரு புத்தகமாகவே எழுதினார். விடைச் சொல்லின் பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், அந்தச் சொல்லை எட்ட நேர்மையான வழி இருக்க வேண்டும், இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பதே அவர் வழி வந்தவர்கள் சொல்லும் சாரம். அவருக்குப் பிறகு 1972இல் அந்த இடத்துக்கு வந்த, அசெட் என்ற புனைபெயர் கொண்டவர், விடைகளோடு சுருக்கமான விளக்கங்களும் தந்துவந்தார். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்த வகைப் புதிர் ஒத்துவராது என்று அந்தக் கடிதங்களில் ஒன்றில் இருந்தது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் தமிழிலேயே இத்தகைய புதிர்களை அமைத்திருக்கிறார். சிலேடைக்கு நம்மிடம் பஞ்சமா? 'கழுத்தில் விழும் பொழுது (2)' என்று நீங்களே போட்டீர்கள். மாலை! பூமாலையும் அந்திமாலையும் மூன்றே சொல்லில் வந்துவிட்டன. இதைத் தமிழில் யோசிக்கிறவர்தான் எழுத முடியும்.

கட்டத்தை நிரப்புவதிலும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. குறுக்கே வந்த விடையிலிருந்து ஒரு 'ழு' கிடைத்தால், நெடுக்கே எத்தனையோ சொற்கள் ஒரே அடியில் கழிந்துவிடும். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச்சொல் முடியாது. பள்ளியில் மனப்பாடம் செய்த முதலெழுத்து, இறுதியெழுத்து விதிகள் இங்கே அன்றாடம் பயன்படுகின்றன. ஆங்காங்கே இதையும் ஒரு வரி சொல்லிவைத்தால் புதியவர்களுக்குத் துணிச்சல் வரும். சந்தி விஷயத்தில் மட்டும் அமைப்பவர் முன்கூட்டியே ஒரு முடிவைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு சொற்களுக்கு நடுவில் மிகும் ஒற்று, விடையில் ஓர் எழுத்தாகக் கணக்கில் வருமா வராதா? சில வாரம் வருகிறது, சில வாரம் வருவதில்லை. எங்கள் கடை வாசலில் அதிகச் சண்டை நடப்பது இதற்காகத்தான்.

பக்கத்தில் இடம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரி போதும். 'கவலை: கலைக்குள் வ (கால்)' என்ற அளவில் பொடி எழுத்தில் போட்டாலும் படித்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் இடம் இல்லையென்றால், கடினமான ஏழெட்டுக் குறிப்புகளுக்காவது போடுங்கள். அதையும் மறுவாரப் புதிருக்குப் பக்கத்திலேயே போட்டால், ஒரே தாளில் நகலெடுத்துக் கண்ணாடியில் ஒட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கும்பகோணம்.