கொழுக்குமலைக்குச் சொந்தக் காரிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கொழுக்குமலைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். சூரிய உதயத்தை ஆசை தீர எழுதியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் 'கொஞ்சம் துணிச்சல் இருந்தால் சொந்தக் காரிலேயே போய்விடலாம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் போடிக்காரன். 25 வருஷம் லாரி ஓட்டியவன். 7,000 அடிக்கு மேல் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் எங்கள் தேனி மாவட்டத்தில், குரங்கணிக்கு நேர் மேலே இருக்கிறது. நடந்து ஏற இந்தப் பக்கம் பாதை உண்டு, வண்டிக்குக் கிடையாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பூப்பாறை வழியாகக் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கே ஜீப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

போன தை மாதம் பேரப்பிள்ளைகளோடு போனேன். நல்ல ரோடு முடிகிற இடத்தில் டிரைவர் தம்பி இறங்கி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முன்சக்கர ஹப்பைத் திருகி லாக் செய்தார். அப்போதுதான் இன்ஜினின் இழுப்பு முன்சக்கரத்துக்கும் போகும். ஏறி உட்கார்ந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியை லோ கியருக்குத் தள்ளினார். பர்ஸ்ட் கியரையும்விட வண்டியை மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு ஓட்டுகிற ஏற்பாடு அது. அப்புறம் சரளையும் தேங்காய் அளவுக் கல்லும்தான். பிள்ளைகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தினார்கள். எனக்கும் முதுகு கழன்றுவிட்டது, அது வேறு கதை.

ஏறுவதைக்கூட விடுங்கள். இறங்கும்போது அந்தத் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மொத்தமாக நாலைந்து தடவைதான் பிரேக்குக்குப் போயிருக்கும். ஏறிய அதே லோ கியரில், இன்ஜின்தான் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. நம் வீட்டுக் காரில் அந்த கியர் கிடையாது. பர்ஸ்ட் கியரில் விட்டாலும் அந்தச் சரிவில் வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். பயத்தில் பிரேக்கை விடாமல் மிதிப்போம். சக்கரத்தை உரசி நிறுத்துகிற பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு விடும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். சரளையில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினாலோ, சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. இதில் துணிச்சலுக்கு என்ன வேலை?

அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள். மற்றபடி, மேலே பழைய ஃபாக்டரியில் கிடைக்கும் டீயைப் பற்றி அவர் எழுதியது அத்தனையும் உண்மை. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரிக்காரன்,
போடிநாயக்கனூர்.