மாதா மாதம் போடும் பணத்துக்கு எந்த ஐசா?

அன்புள்ள கலா,

லெஸ்டரில் வீடு மாறிய செய்தியும், வார்டில் உனக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இனி மாதம் 400 பவுண்டு மிச்சம் பிடிக்க முடியும், அதை எந்தக் கேஷ் ஐசாவில் (வட்டிக்கு வரி பிடிக்காத பிரிட்டன் சேமிப்புக் கணக்கில்) போடலாம் என்று கேட்டிருக்கிறாய். தோழிகளோடு சீட்டுப் போடுவதை விட்டு இதைக் கேட்டாயே, அதுவே எனக்கு நிம்மதி.

வட்டிக்கு வரி கிடையாது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. 4 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்குப் போடும் 4,800 பவுண்டுக்கு 192 பவுண்டு வரும் என்று தோன்றும். ஆனால் முதல் தவணைக்கு மட்டுமே முழு ஆண்டு வட்டியும் கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டியும்தான் என்பதால், கைக்கு வருவது ஏறத்தாழ 104 பவுண்டு. அடிப்படை விகிதத்தில் வரி கட்டுவோருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையான வட்டிக்கு எப்படியும் வரி இல்லை. ஆகவே, ஐசா எதற்கு என்று உன் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால், சேமிப்பு 25,000 பவுண்டை எட்டும்போது அந்த வரம்பு தீர்ந்துவிடும். இதே வேகத்தில் போனால் அதற்கு ஐந்தாண்டுகூட ஆகாது. கூடுதல் ஷிப்டுகளால் உன் வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டினால் வரம்பே 500 ஆகக் குறையும். போதாக்குறைக்கு, சேமிப்பு வட்டி மீதான வரி 2027 ஏப்ரலில் 20 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், 40 சதவீதத்திலிருந்து 42 ஆகவும் உயரப்போகிறது. 65 வயதுக்கு உட்பட்டவர்கள் கேஷ் ஐசாவில் போடக்கூடிய ஆண்டு உச்சவரம்பும் அப்போதே 20,000 பவுண்டிலிருந்து 12,000 ஆகக் குறைகிறது. உன் தொகைக்கு அது தடையில்லை என்றாலும், ஓர் ஆண்டில் பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுக்கு வராது.

விளம்பரங்களில் மேலே நிற்கும் நிலையான வட்டிக் கணக்குகள் உனக்குப் பொருந்தா. திறந்த சில வாரங்களுக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவை புதிய பணத்தை ஏற்பதில்லை. இடையில் எடுத்தால் பல மாத வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரில் அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்டிய நினைவில் நிலையான வட்டியைத் தேடாதே. எப்போது வேண்டுமானாலும் போடவும் எடுக்கவும் இடம் தரும் கணக்கைத் தேர்ந்தெடு. எடுத்த பணத்தை அதே வரி ஆண்டுக்குள், உச்சவரம்புக் கணக்கில் சேராமல் திரும்பப் போட அனுமதிக்கும் ‘ஃபிளெக்சிபிள்’ வகையாக அது இருந்தால் இன்னும் நல்லது. அறிவிக்கும் விகிதத்தில் போனஸ், அதாவது தற்காலிகக் கூடுதல் வட்டி, எவ்வளவு என்பதையும் பார். பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்தில் அது நின்றுவிடும், வங்கி தன் பங்குக்கு நினைவூட்டினாலும் நாம் சோம்பேறித்தனமாக இருந்துவிடுவோம் என்பதே அவர்கள் கணக்கு.

போனஸ் முடிந்ததும் வேறு வங்கிக்கு மாறிக்கொள், ஆனால் பணத்தை நீயே எடுத்துக் கொண்டுபோகாதே; அப்படி எடுத்துப் போனால் அதன் வரிவிலக்கு போய்விடும். புதிய வங்கியிடம் மாற்றல் படிவம் கொடுத்தால் அவர்களே வரவழைத்துக்கொள்வார்கள், கேஷ் ஐசாக்களுக்கு இது 15 வேலை நாட்களுக்குள் முடிய வேண்டும். சில ஆண்டுகளில் திரளும் தொகையை இதே வழியில் நிலையான வட்டிக்கு மாற்றிவிட்டு, மாதத் தவணையை மட்டும் பழைய கணக்கிலேயே தொடரலாம். 2024 ஏப்ரல் முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கேஷ் ஐசாக்களில் பணம் போடத் தடையில்லை. பெயர் கேள்விப்படாத வங்கி என்று அஞ்ச வேண்டாம், இங்கே உரிமம் பெற்றதாக இருந்தால் 1,20,000 பவுண்டு வரை காப்புறுதி உண்டு.

ஒன்று மட்டும் உன் கணவரோடு பேசி எழுது. திருநெல்வேலிக்கே திரும்பிவிடும் எண்ணம் இன்னும் இருக்கிறதா? இங்கே குடியிருப்பு முடிந்தால் ஐசாவை வைத்திருக்கலாமே தவிர, புதிதாகப் போட முடியாது. இந்தியாவில் முழுமையாகக் குடியிருப்பவராக ஆன பின், அதன் வட்டிக்கு அங்கே வரி கட்ட வேண்டியிருக்கும். ஐந்தாண்டுக்குள் கிளம்புவதாக இருந்தால் கணக்கே வேறு.

அன்புடன்,
மல்லிகா