வாசிப்பு வட்டம் இந்த முறை கலைக்கூடத்தில்: வருவதற்கு முன் சில விவரங்கள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாசிப்பு வட்டத்தைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம். புத்தகம், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும். ஐந்து பாகமும் என்று சொன்னால் பாதிப் பேர் முடிக்காமலே வருவார்கள். முடித்தவர்கள் கதையின் முடிவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். தஞ்சைக் கோட்டைக்குள் வந்தியத்தேவன் சித்திர மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கும் பகுதியில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். நீங்கள் நுழையப்போகும் அரண்மனை வந்தியத்தேவன் நடந்த அரண்மனை அல்ல. இது நாயக்கர் காலத்தில் எழுந்து மராட்டியர் காலத்தில் விரிந்தது. உள்ளே இருக்கும் செப்புத் திருமேனிகளில்தான் சோழர் காலம் இருக்கிறது. அவற்றிலும் 'குந்தவை எது, நந்தினி எது' என்று தேட வேண்டாம். நந்தினி கல்கியின் கற்பனை. நாவலோடு வந்த மணியத்தின் ஓவியங்கள் நம் கண்ணில் பதிந்துவிட்டதால், எந்தச் சிலையைப் பார்த்தாலும் அந்த முகத்தைப் பொருத்தப் பார்ப்போம். புத்தகத்தையும் சிலையையும் இணைத்துப் படிக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன: சிலை கதைக்குப் படம் போல ஆகிவிடும்.

அதனால் பார்த்த பிறகுதான் பேச்சு. பன்னிரண்டு பேர், இரண்டு அணி. அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். மொத்தம் ஐந்தே சிற்பங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம். முதல் மூன்று நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, பெயர்ப்பலகையையும் படிக்கக் கூடாது. எட்டு நிமிடம் நீளமாகத் தோன்றும், ஆனால் நான்காவது நிமிடத்துக்குப் பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

அதிக நேரம் நிற்க வேண்டியது திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், முன்னால். பாம்பு சுற்றிய தலைப்பாகை போலச் சடை, குறுக்கே வைத்த கால், எதன் மீதோ சாய்ந்தாற்போல நீண்ட கை. கைக்குக் கீழே காளை இல்லை, காணாமல் போய்விட்டது. பக்கவாட்டில் நின்று, அந்தக் கையின் உயரத்தை வைத்துக் காளையின் முதுகு எங்கே இருந்திருக்கும் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். வரையத் தெரியாதவர்கள்தான் இதை நன்றாகச் செய்வார்கள். பிறகு பீடங்களைப் பாருங்கள்: வீதியுலாவுக்குத் தண்டு கோத்துத் தூக்கும் வசதி எதில் இருக்கிறது என்று தேடலாம். பட்டும் மாலையும் சாத்தி, தோளில் தூக்கிப் போக வார்த்த திருமேனிகள் இவை. வெற்று மேனியாக நாம் பார்ப்பது இங்கேதான்.

இந்த ரிஷபவாகனர் 1011-ஐச் சேர்ந்தவர், அருகிலுள்ள தேவி 1012. இராசராசன் ஆட்சியின் கடைசி ஆண்டுகள் அவை. நாவல் நடப்பது ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்னதாக. கதையில் இளவரசனாக வரும் அருள்மொழி, இராசராசன் என்ற முதிர்ந்த மன்னனாக இருந்தபோது வார்த்தது இந்த உருவம். இந்த நாற்பது ஆண்டு இடைவெளிதான் நம் விவாதத்தின் முதல் கேள்வி.

பென்சிலும் சிறு குறிப்பேடும் போதும். பேனா வேண்டாம், மை சிந்தினால் துடைக்க முடியாது. படம் எடுக்க அனுமதி, கட்டணம் பற்றிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். அதே வளாகத்தில் சரஸ்வதி மகால், மணிக்கூண்டு எல்லாம் இருக்கின்றன. அவற்றை அன்றைக்குச் சேர்க்காதீர்கள், கால் வலிதான் மிஞ்சும்.

பேச்சு கலைக்கூடத்துக்குள் இல்லை. வெளியே வந்து தேநீர் குடித்துவிட்டு, எங்கள் கடை மாடியில் ஒரு மணி நேரம். தேநீர் எங்கள் பொறுப்பு. படிக்காமல் வருபவர்களும் வரலாம், ஆனால் காளையின் முதுகுக் கோடு வரைந்துகொண்டுதான் மாடி ஏற வேண்டும்.

அன்புடன்,
கடைக்காரர்கள்