ஐப்பசியில் தவணை எப்படிக் கட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்தில் என் அக்கா மகன் கடல்பாசி வளர்க்கிறான். 12 அடி மூங்கில்களைச் சதுரமாகக் கட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து, மீன் தின்னாமல் இருக்க அடியில் வலை போட்டு இறக்கினால் 45 நாளில் அறுக்கலாம். இன்னும் கொஞ்சம் மிதவை போடலாமென்று கடன் கேட்டுப் போனவனிடம், அப்பா பேரில் நிலம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள்.

சரி, கடன் கிடைத்தாலும் அது மாதத் தவணை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் மிதவையே நிற்காது, அப்போது எதை அறுத்துக் கட்டுவது? கரையில் நிற்கிற எந்தப் பையனும் பெண்ணும் இதைச் சொல்லிவிடுவார்கள். திட்டம் போடும்போதுதான் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

நீடித்த வளர்ச்சிக்கு நிதி திரட்டுவது பற்றி 2015இல் அடிஸ் அபாபாவில் உலக நாடுகள் கூடிப் பேசியபோது, இளைஞர்களுக்கு முதலீடு செய்வது அவசியம் என்று எழுதியே வைத்தார்கள். நம் மாவட்டத்திலும் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி கடல்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். அதில் கொஞ்சத்தையாவது 30 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பிணையில்லாக் கடனாக, அறுவடைக்கு அறுவடை கட்டுகிற மாதிரி கொடுக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது கட்டுவது என்பதை முடிவு செய்யும் குழுவில் பாசி எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்க வேண்டும், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அப்புறம், கணக்கைக் கிராமசபையில் வாசிக்கட்டும்.

ஒரு வாசகர்,
மண்டபம்