மாபுங்குப்வேயில் மலிவாகத் தங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கால இடிபாடுகளுக்கு அருகே, காட்டுக்குள், கையைக் கடிக்காமல் தங்க இடம் உண்டா என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. தென்னாப்பிரிக்காவின் வட எல்லையில், லிம்போபோ, ஷாஷே ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள மாபுங்குப்வே தேசியப் பூங்காவில் மஜோ கூடார முகாம் இருக்கிறது. ஆற்றங்கரை மரங்களின் நிழலில் அமைந்த முகாம். கட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்கும் விடுதி உள்ளே கிடையாது. கூடாரம் போடும் இடத்துக்குத்தான் வாடகை. பொதுக் குளியலறையும் சமையல் இடமும் அதில் அடங்கும். வயதானவர்கள் உடன் வந்தால் லியோக்வே முகாமின் குடில்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

பலரும் சறுக்குவது பூங்காவுக்குள் நுழையும் முன்பே. பூங்கா ஒரே துண்டாக இல்லை. கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் நடுவே தனியார் பண்ணைகள் இருக்கின்றன. பதிவு அலுவலகம் கிழக்கே பிரதான வாசலில், மஜோ முகாமோ மேற்கே. செல்போன் வரைபடத்தில் முகாமின் பெயரைப் போட்டுவிட்டு நேரே போகிறவர்கள், பதிவுக்காகத் திரும்பி ஓட வேண்டியிருக்கும். வாசல்களை இருட்டும் முன் மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் பதிவு அலுவலகத்தில் நிற்பது போல் கிளம்புங்கள். டர்பனிலிருந்து ஏறக்குறைய 1,100 கி.மீ. இருப்பதால் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம்; பிரிட்டோரியாவிலோ போலோக்வானேயிலோ இரவு தங்கிச் செல்வதே நல்லது. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது. பக்கத்து ஊரான மூசினாவில் டாங்கை நிரப்பி, காய்கறி, குடிநீர், விறகு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

இட வாடகை போக, தலைக்கு நாளொன்றுக்கு இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் தனி. தென்னாப்பிரிக்க அடையாள அட்டையைக் காட்டினால்தான் உள்நாட்டுக் கட்டணம். அட்டையை வீட்டில் மறந்தவருக்கும், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தைக்கும் வெளிநாட்டவர் கட்டணம்தான். அது பல மடங்கு அதிகம். வருடத்தில் இரண்டு மூன்று பூங்காக்களுக்குப் போகும் குடும்பம், பூங்காக்களுக்கான ஆண்டு நுழைவு அட்டையான வைல்ட் கார்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முகாமில் மின்சாரம் உண்டு. ஆனால் வீட்டுப் பிளக் அங்கே பொருந்தாது. காரவான்களுக்கான நீல நிற மூன்று முனைப் பிளக் பொருத்திய நீட்டிப்பு வயர் வேண்டும், 20 மீட்டராவது இருக்கட்டும். மழையில்லாத மாதங்களில் தரை இறுகிக் கிடக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் வளைந்துவிடும். தடித்த இரும்பு ஆணிகளும் சுத்தியலும் கொண்டு போங்கள். குளிர்கால ஜூலை இரவில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும் என்பதால் மேலே போர்த்தும் கம்பளியைவிட அடியில் விரிக்கும் மெத்தைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

சமையலில் அவரைக்கொட்டைக் கறிதான் ஆளைக் காக்க வைக்கும். ஊறவைத்த கொட்டையாக இருந்தாலும் பொது அடுப்பில் வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பின்னால் மற்றவர்கள் சட்டியோடு நிற்பார்கள். வீட்டிலேயே பிரஷர் குக்கரில் வேகவைத்து, உறையவைத்து எடுத்துப் போனால் ஐஸ் பெட்டிக்கும் குளிர்ச்சி, தாளித்துக் கொட்டினால் கறியும் தயார். வாழைப்பழம், ரொட்டி எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியும், திறக்க முடியாவிட்டால் துணியைக் கிழித்துவிடும். சாப்பாட்டுப் பெட்டி காருக்குள் பூட்டியிருக்க வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது டார்ச் வெளிச்சத்தை முதலில் சுற்றிலும் அடித்துப் பார்த்துவிட்டு நடங்கள். அது யானை நடமாடும் காடு.

இனி, பழங்கால இடிபாடுகள் உள்ள மாபுங்குப்வே மலை. வழிகாட்டியோடு மட்டுமே ஏறலாம். தங்குமிடத்தைப் பதிவு செய்யும் அன்றே மலைக்கு அழைத்துப் போகும் பாரம்பரியச் சுற்றுலாவுக்கும் இடம் கேளுங்கள். போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அத்தனை தூரம் போயும் மலையை அடிவாரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். கோபுரமோ சிற்பமோ எதிர்பார்க்காதீர்கள். சுமார் 30 மீட்டர் உயர மணற்பாறைக் குன்று அது. ஏறத்தாழ கி.பி. 1220 முதல் 1290 வரை உச்சியில் அரச குடும்பமும் அடிவாரத்தில் குடிமக்களும் வாழ்ந்தார்கள். தந்தமும் தங்கமும் இங்கிருந்து கடற்கரைக்குப் போயின. இந்தியப் பெருங்கடல் வழியாகக் கண்ணாடி மணிகள் வந்தன. 1930களில் அரச கல்லறையில் கிடைத்த, மரத்தின்மேல் தங்கத் தகடு போர்த்திச் சிற்றாணிகளால் இறுக்கிய சிறிய காண்டாமிருக உருவத்தின் அசல் பிரிட்டோரியாவில் இருக்கிறது. அகழ்ந்தெடுத்த மனித எச்சங்களை 2007இல் மீண்டும் அடக்கம் செய்தார்கள். அதனால் வழிகாட்டி ஒதுங்கச் சொல்லும் இடத்தில் ஒதுங்குவதே முறை.

போவதற்கு மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். புரட்டாசி விரதம் முடிந்த கையோடு கிளம்ப நினைப்பவர்கள் அக்டோபர் வெயிலை யோசியுங்கள். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம், மலேரியாக் காலமும் அப்போதுதான் தொடங்குகிறது. தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும், பாதியில் நிறுத்தினால் போட்டதும் வீண். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் அது ஆகாது. ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல், லிம்போபோ பக்கம் போய் வந்ததைச் சொல்லி அன்றே இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.